மாசியில் மல்லிச் செடிக்குச் செய்ய வேண்டியவை

குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பங்குனி, சித்திரையில் நிறையப் பூ வேண்டுமென்றால் முதலில் செடி நன்றாகத் துளிர்க்க வேண்டும்.

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலுள்ளதை வெட்டுவதே முறையான கவாத்து. (முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ.) அதைத் தவறவிட்டவர்கள் மாசியில் அவ்வளவு தாழ வெட்ட வேண்டாம், செடி மறுபடி தழைப்பதற்குள் முதல் பூப்பு கைநழுவிவிடும். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை இவற்றை அடியோடு எடுத்துவிட்டு, மற்றக் கிளைகளில் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். கத்தரி கூராக இருக்கட்டும். வெட்டுவாய் நசுங்கினால் குச்சி அங்கிருந்து கீழ்நோக்கிக் காயும்.

நவம்பரில் உரம் வைத்திருந்தால் இப்போது தேவையில்லை. வைக்காதவர்கள், தரையில் நன்கு வளர்ந்த செடி ஒன்றுக்கு மட்கிய தொழுஉரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் கொடுக்கலாம். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் கீறி, தூவி, மண் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். தொட்டிச் செடிக்கு இந்த அளவு வைத்தால் வேர் கருகிவிடும்; மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமே அதற்குச் சரி. யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் எந்த உரமும் பலிக்காது.

இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணிலும் தண்ணீர் தேங்கும் மண்ணிலும் இது அடிக்கடி வரும். வடிகாலைச் சரிசெய்து, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள்.

மொட்டு வந்தபின் தினமும் செடியைப் பாருங்கள். மொட்டில் துளையிருந்தால், அல்லது மொட்டுகள் நூலாம்படையில் ஒட்டிக்கிடந்தால், மொட்டுப்புழு. மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறமாகி உதிர்ந்தால் மொட்டு ஈ. அதன் புழு மண்ணில் இறங்கித்தான் கூடாகிறது. ஆகவே உதிர்ந்த மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி அழித்து, செடியடி மண்ணை லேசாகக் கொத்திவிடுவது மருந்தடிப்பதைவிட முக்கியம். தெளித்தே ஆகவேண்டுமென்றால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, பூப்பறித்து முடித்த மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் தளிர் பொசுங்கும்.