'மீட்பு' என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் எங்கள் சபை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் 28 வருசம் நகை மதிப்பீட்டாளராக இருந்தேன். அந்த வருசங்கள் முழுக்க ஞாயிறு பள்ளியில் பத்து வயசிலிருந்து பதினாலு வயசு வரையிலான பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்கும்போது பக்கத்துச் சபைகளில் புதிதாக வகுப்பெடுக்கும் தம்பி தங்கைகள் என்னைத் தேடி வருவார்கள். "ஏனுங்கய்யா, இயேசு நமக்காகச் செத்தாருன்னு சொன்னாப் புள்ளைங்க தலையாட்டுதுங்க. 'நமக்காக'ன்னா என்னன்னு திருப்பிக் கேட்டா முழிக்குதுங்க. எப்படிங்க சொல்றது?" என்பார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு எடுத்த எடுப்பில் வேதாகமத்தைத் திறக்க வேண்டாம். 'மீட்பு' என்ற சொல்லைப் பிள்ளைகள் வீட்டில் எங்கே கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பிள்ளை சொல்லும்: "எங்கம்மா நகைய மீட்டோணும்னு சொல்லுவாங்க." அங்கே பிடித்துக்கொள்ளுங்கள். நம் சபைகளில் இந்தச் சொல் பாட்டிலும் ஜெபத்திலும் புழங்கிப் புழங்கி வழுவழுவென்று ஆகிவிட்டது. அடகுக் கடையில் அதற்கு இன்னும் சொரசொரப்பு இருக்கிறது.

நகை அடகுக்குப் போகும் விதத்தை விவரமாகச் சொல்லுங்கள். உரைகல்லில் ஒரு இழு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு மாற்றுப் பார்ப்போம். கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையைக் கழிப்போம். பிறகு பையில் போட்டு, எண் எழுதி, முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைத்துவிடுவோம். அதற்குமேல் அந்த நகையால் தானாக வெளியே வர முடியாது. உள்ளே இருக்கும்போதும் அது தங்கம்தான், மாற்றுக் குறைவதில்லை. ஆனால் உடையவர் கழுத்தில் இல்லை. வட்டி மட்டும் இராப்பகலாக ஏறிக்கொண்டே இருக்கும். கெடு தாண்டினால் ஏலம். அசலும் வட்டியும் முழுசாகக் கட்டினால்தான் பை பிரியும். பாதி கட்டிவிட்டுப் பாதிச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லுங்கள். கட்டாயம் உங்கள் சொந்தக் கதையாக இருக்க வேண்டும். புத்தகத்தில் படித்த கதையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் சொல்வது எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், கதை.

1974-ல் நான் ஏழாவது படித்தேன். மழை பொய்த்த வருசம். கிணற்றை ஆழப்படுத்த அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அப்பா ஒரு வட்டிக்கடையில் வைத்தார். கிணற்றில் பாறைதான் வந்தது. வட்டி ஏறி, கடைக்காரர் கெடு சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விசேசங்களுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் சாயங்காலம் வெள்ளகோவில் பக்கமிருந்து அம்மாயி நடந்தே வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சங்கிலி. அவரிடம் இருந்தது ஒரு பட்டி ஆடு, அதுதான் அவர் பிழைப்பே. மொத்தத்தையும் விற்றுவிட்டு நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். அம்மா அழுதார். அம்மாயி சொன்னது இவ்வளவுதான்: "உன்ற கழுத்து மூளியாக் கெடக்கறதப் பாக்க முடியல கண்ணு." அதற்குப் பிறகு அம்மாயி கூலிக்குக் களை வெட்டப் போனார்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிறகு மாற்கு 10:45-ஐ வாசியுங்கள்: "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்." 'மீட்கும்பொருள்' என்றால் என்ன என்று அன்றைக்கு ஒரு பிள்ளையும் கேட்காது. அடுத்து 1 பேதுரு 1:18, 19. வெள்ளியாலும் பொன்னாலும் மீட்கப்படவில்லை என்று அங்கே எழுதியிருப்பதை நகைக்கடை வாடை தெரிந்த பிள்ளைகள் நிமிர்ந்து கேட்பார்கள். முதல் வாரத்துக்கு இது போதும். அதற்குமேல் திணிக்காதீர்கள்.

இரண்டாம் ஞாயிறு ஆட்டுக்குட்டி. யாத்திராகமம் 12-ல் ஒரு சின்ன விவரத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாதத்தின் 10-ஆம் தேதி குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும், 14-ஆம் தேதி சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டும். பழுதில்லாத ஒரு வயசுக் கடா. நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நாலு நாள் கூடவே இருந்த குட்டிக்குப் பேர் வைத்திருப்பார்களா இல்லையா என்று. கொறங்காட்டில் ஆடு மேய்த்த பிள்ளைக்கு நீங்கள் உரை எழுத வேண்டியதில்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர், சாவு தங்கள் வீட்டைத் தாண்டிப் போக, அந்தக் குட்டியின் இரத்தத்தைத்தான் நிலைக்காலில் பூசினார்கள். யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டி "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்றது ஏதோ செல்லப்பேர் அல்ல என்பது அப்போது புரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊர்க் கோயில் நோம்பிக்குக் கிடா வெட்டும் ஊர் நம்முடையது. வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய மாமன் மச்சான் அங்கே போகிறவர்கள். அவர்களைப் பழித்து ஒரு வார்த்தை வரக்கூடாது. மிருக பலி போதாது என்று சொல்ல வேண்டுமென்றால் எபிரெயர் 10:4-ஐ எடுங்கள். அது எருசலேம் ஆலயத்து பலிகளைப் பற்றி, அந்த மரபுக்குள்ளிருந்தே வந்த பேச்சு. வருசா வருசம் திரும்பச் செய்ய வேண்டியிருந்ததே அது முடிந்த கணக்கல்ல என்பதற்கு அடையாளம் என்று அங்கே வாதம் போகிறது. நமக்கு அது போதும்.

மூன்றாம் ஞாயிறு கேள்விகளுக்கு. வகுப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான். அதனால் மற்ற வாரங்களைவிட இதற்கு நிறையத் தயாரித்துக்கொண்டு போங்கள். மூன்று கேள்வி எப்படியும் வரும்.

"சும்மா மன்னிச்சு உட்டா என்னங்க? எதுக்குச் சாகோணும்?" நல்ல கேள்வி என்று முதலில் சொல்லுங்கள். நான் இப்படிப் பதில் சொல்வேன்: உங்கப்பன் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பத்தாயிரம் கடன் கொடுக்கிறார். அவரால் கட்ட முடியவில்லை. "போனாப் போவுது, உடுப்பா" என்கிறார் உங்கப்பன். இப்போது அந்தப் பத்தாயிரம் எங்கே போனது? காற்றில் கரைந்துவிட்டதா? உங்கப்பன் மடியிலிருந்து போனது. மன்னித்தவர்தான் அதைக் கட்டினார். கடவுள் மன்னித்தபோது அவர் மடியிலிருந்து போனது அவருடைய குமாரனின் ஜீவன்.

இதைச் சொல்லும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். கோபக்காரத் தகப்பன், குறுக்கே வந்து அடி வாங்கிய மகன் என்று பிள்ளைகள் மனசில் படம் விழுந்துவிடும். வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிற அப்பன் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். "அப்பச் சாமியும் எங்கப்பன மாதிரிதானுங்களா?" என்று கேட்டுவிட்டான். அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து யோவான் 10:18-ஐயும் 2 கொரிந்தியர் 5:19-ஐயும் சேர்த்து வாசிக்காமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை. "நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார் இயேசு, தம்முடைய ஜீவனைப் பற்றி. கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் தேவன்தான் என்கிறார் பவுல். பிதாவும் குமாரனும் ஒரே மனசோடு செய்த காரியம் இது.

இரண்டாவது: "யாருக்குங்க கட்டினாரு?" அடகு உவமையைக் கேட்ட பிள்ளை இதைக் கேட்காமல் விடாது. இயேசு விலை கொடுத்தார் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருந்தது யார்? சபையின் பழைய வேத பண்டிதர்களே இதில் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், பிசாசுக்குத்தான் கொடுக்கப்பட்டது என்றார். நாலாம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் ஊர்க் கிரகோரி அதைக் கேட்டுக் கொதித்தார். திருடனுக்கு மீட்கும்பொருளா என்பது அவர் ஆத்திரம். 1098-ல் எழுதி முடித்த நூலில் அன்சேல்ம், பாவத்தால் மனுசன் தேவனுடைய கனத்துக்குப் பட்ட கடனை மனுசனான தேவனே தீர்த்தார் என்றார். இத்தனை பெரியவர்கள் மல்லுக்கட்டிய இடத்தில் பத்து வயசுப் பிள்ளை வந்து நிற்பதை நான் சந்தோசமாகப் பார்ப்பேன். என் பதில்: வேதம் விலையைச் சொல்கிறது, மீட்டவரைச் சொல்கிறது, மீட்கப்பட்டவரைச் சொல்கிறது. கடைக்காரன் பேர் எழுதவில்லை. உவமையை அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும், கண்ணு.

அடகு உவமையில் இன்னொரு குறையும் உண்டு. நகை ஒரு தப்பும் செய்யவில்லை. அதை ஈடுகட்டத் தொண்டுப்பட்டியைச் சொல்லுங்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்புச்சியைக் கேட்டு வரச் சொன்னால் தெரிந்துகொண்டு வருவார்கள். அடுத்தவர் சோளக்காட்டில் விழுந்து மேய்ந்த மாட்டைப் பிடித்து அங்கே அடைப்பார்கள். 1871-ஆம் வருசத்துச் சட்டப்படி அபராதமும் தீனிச் செலவும் கட்டினால்தான் ஓட்டிவர முடியும். தப்பு செய்தது மாடு, கட்டுவது உடையவர். "என்ற மாடு" என்று வந்து நிற்கிறாரே, அதை அழுத்திச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பெரிய பையன்கள் கேட்பார்கள்: "அப்ப இனித் தப்பு பண்ணினாலும் பரவால்லீங்களா?" அம்மாயி மீட்டுவந்த சங்கிலியை அம்மா மறுபடி எந்த அவசரத்துக்கும் வைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். ரோமர் 6-ஐ வீட்டில் வாசித்துவரச் சொல்லுங்கள்.

நாலாம் ஞாயிறு புலிகுத்திக்கல். நம் கொங்கு நாட்டில் எத்தனையோ ஊர்களில் அந்தக் கல் நிற்கிறது. ஊருக்காகவும் பட்டிக்காகவும் புலியை எதிர்த்துச் செத்தவனுக்கு எடுத்தது. முடிந்தால் பிள்ளைகளை நேரில் கூட்டிப்போங்கள். அங்கே நின்று ரோமர் 5:7, 8 வாசியுங்கள். நல்லவனுக்காகச் சாகத் துணிகிறவன் ஒருவேளை இருப்பான் என்கிற பவுல், நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து மரித்தார் என்று அடுத்த வரியில் சொல்கிறார். புலிக்காகவே ஒருவன் செத்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பிறகு பரபாஸைச் சொல்லுங்கள். கலகமும் கொலையும் செய்து சிறையில் கிடந்தவன் வெளியே போகிறான், குற்றமில்லாதவர் சிலுவைக்குப் போகிறார். பரபாஸ் அன்றைக்கு ராத்திரி எங்கே போயிருப்பான், என்ன நினைத்திருப்பான் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். இத்தனை வருசத்தில் எனக்குக் கிடைத்த நல்ல விடைத்தாள்கள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

சிலுவையில் இயேசு பட்ட பாட்டை இரத்தம் தெறிக்க வர்ணிக்க வேண்டாம். சுவிசேஷக்காரர்கள் நாலு பேரும் ஆணியைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வரிகூட நீட்டவில்லை. சிலுவையில் அறைந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் தேசாதிபதியாக இருந்தவன், நடந்தது தேதிக்குள் அடங்கும் காரியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குருத்தோலை ஞாயிறன்று ஓலையோடு பிள்ளைகள் ஆட்டமாக இருப்பார்கள், பாடம் வேண்டாம். அன்றைக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் மட்டும் கொடுங்கள். தலைப்பில் 'கைச்சீட்டு' என்று எழுதச் சொல்லுங்கள், நாம் புரோநோட்டு எழுதுவது மாதிரி. கீழே, தங்களால் திருப்பிக் கட்ட முடியாத ஒன்றை எழுதட்டும்: சொன்ன பொய், தங்கச்சியை அடித்தது, யாருக்கும் தெரியாதது. எழுதியதை நாலாக மடித்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனை முடிந்தபின் பிள்ளைகளைத் தனியாகக் கூட்டுங்கள். வேலமரக் கட்டையில் ஒரு சிலுவை, சுத்தியல், ஆணி. கொலோசெயர் 2:14: "நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து... சிலுவையின்மேல் ஆணியடித்து." அங்கே 'கையெழுத்து' என்று இருப்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைக் குறிக்கும். இதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் சீட்டைத் தானே அடிக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு ஆணியைப் பிடித்துக்கொடுங்கள், சுத்தியலை வாங்காதீர்கள்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆசிரியரும் கூடாது, ஆயரும் கூடாது. சனிக்கிழமை ராத்திரி ஆணியோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். ஈஸ்டர் அன்று விடியற்காலை கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தியோடு போய்விட்டுக் கோயிலுக்கு வரும்போது பிள்ளைகள் முதலில் ஓடுவது அந்தச் சிலுவையைப் பார்க்கத்தான். கட்டையில் ஆணித் துளைகள் மட்டும் இருக்கும். "என்ற சீட்டு எங்கீங்கய்யா?" என்று கேட்பார்கள். இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டு, சாம்பலைக் கொட்டிய வேப்பமரத்தடியைக் காட்டுங்கள்.