டெல்டாவின் பழைய பத்திரிகையும் வானொலியும்: ஆய்வு சறுக்கும் இடங்கள்

காவிரி டெல்டாவில் பொதுவிவாதம் எப்படி நடந்தது என்று ஆராய வருபவர்கள் முதலில் சறுக்குவது ஊர்ப் பெயரில். கீழ்வெண்மணியை 'நாகை மாவட்டம்' என்று தேடினால் அன்றைய தாள்களில் ஒன்றும் அகப்படாது. படுகொலை நடந்த 1968-ல் அந்தக் கிராமம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. நாகப்பட்டினம் 1991-லும் திருவாரூர் 1997-லும்தான் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறையை 'மாயவரம்' என்றும் தேட வேண்டும்.

அடுத்தது தேதி. கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது டிசம்பர் 25 இரவு. 26-ஆம் தேதித் தாளைப் பார்த்துவிட்டு 'மூடி மறைத்தார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். இரவுச் செய்தி அச்சுக்குத் தப்பியிருக்கலாம். குறைந்தது இரண்டு வாரத் தாள்களைப் புரட்டுங்கள். 'மோதல்' என்று போட்டார்களா, 'படுகொலை' என்றா? செத்தவர்கள் 'பண்ணையாட்களா', 'விவசாயத் தொழிலாளர்களா'? ஒவ்வொன்றையும் பதிப்பு, பக்கம், பத்தி அளவோடு குறியுங்கள். அதோடு நிறுத்தவும் கூடாது. 1973-ல் உயர் நீதிமன்றம் இந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்களை (பெருநிலக்காரர்களை) விடுவித்தபோது எந்தத் தாளில் தலையங்கம் வந்தது, எதில் வரவில்லை என்பது முதல் நாள் செய்தியைவிட அதிகம் சொல்லும்.

விற்பனை எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாகக் கொள்வது இன்னொரு பிழை. டீக்கடையில் ஒரே தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் பத்துப் பேர் படிப்பார்கள். படிப்பகத்தில் ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவரும் கேட்பார். துண்டறிக்கைகள் எந்தக் கணக்கிலும் வராது. 'முரசொலி'கூட 1942-ல் திருவாரூரில் துண்டறிக்கையாகத்தான் தொடங்கியது.

வானொலியில் செய்தியறிக்கையை மட்டும் எண்ணுகிறார்கள். 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம் டெல்டாவை அதிகம் அசைத்தது வேளாண் நிகழ்ச்சியால். அது பரப்பிய ஏ.டி.டி. 27 ரகத்துக்கு ஊரார் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'!

மௌனத்தையும் தப்பாகப் படிக்கிறார்கள். 1975-77 நெருக்கடி நிலையில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வானொலியோ அரசின் கையில். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தச் செய்தி ஒலிபரப்ப இன்றும் அனுமதியில்லை. காவிரிப் பிரச்சினை அவற்றில் பேசப்படவில்லையென்றால், கேட்பவருக்கு அக்கறையில்லை என்று பொருளல்ல.

பெரியவர்களிடம் 'அந்தக் காலத்தில் ரேடியோ கேட்டீர்களா?' என்று மொட்டையாகக் கேட்டால் இலங்கை வானொலிப் பாட்டும் திருச்சிச் செய்தியும் ஒன்றாய்க் கலந்து வரும். வீட்டுப் பெட்டியா, பஞ்சாயத்து ரேடியோவா, குறுவை நடவுக்கு முன்னா பின்னா என்று பிரித்துக் கேளுங்கள்.