பிரான்சில் படிப்பும் வேலையும்: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் யாராவது பிரான்சுக்குப் படிக்கக் கிளம்பினால் யோசனை கேட்கப் போவது சொல்தா வீட்டுக்குத்தான், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் வீட்டுக்கு. நானும் போனேன். "பாரிசுல மச்சான் கடை இருக்கும்மா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் வேலை பார்க்கலாம்" என்றார் அந்த மாமா. பொய் இல்லை. அவர் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, அவர்களுக்கு இந்த மணிக்கணக்கு கிடையாது. மாணவர் விசாவில் போகும் நமக்கு வருடத்துக்கு 964 மணி நேரம்தான். தாண்டினால் விசாவுக்கே வேட்டு.

அதனால்தான் பார்த்த மணியை எழுதி வைக்க ஒரு நோட்டு. 964-ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் பதினெட்டரை மணி வரும். ஆனால் யாரும் அப்படிச் சீராக வேலை பார்ப்பதில்லை. கோடை விடுமுறையில் 12 வாரம் முழுநேரம், அதாவது வாரம் 35 மணி பார்த்தால் 420 போய்விடும். மிச்சம் 544. அதை 40 வாரத்துக்குப் பங்கு போட்டால் வாரம் பதின்மூன்றரைதான் தேறும். இதைச் செப்டம்பரிலேயே போட்டுப் பாருங்கள், ஜூலையில் போட்டுப் புண்ணியமில்லை. இரண்டு கடையில் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். பாடத்திட்டத்தில் உள்ள கட்டாய இன்டர்ன்ஷிப் மட்டும் இதில் சேராது.

அடுத்தது காகிதம். ஒரு தமிழ்க் கடையில் மணிக்கு 6 யூரோ, கையில் காசு என்று சேர்ந்தேன். நம்மாள், நம்ம பாஷை, சாம்பார் சாதம் வேறு. மூன்றாவது வாரம் பாதிச் சம்பளம்தான் வந்தது. ஒப்பந்தம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, எதைக் காட்டிக் கேட்பது? 2025-இல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ; பிடித்தம் போகக் கைக்கு 9.40 வாக்கில் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஏப்ரனைக் கட்டாதீர்கள். 'ஃபிஷ் த பே' என்கிற சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கி ஃபைலில் போடுங்கள். மாணவரை வேலைக்கு எடுப்பதை அரசு அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. "அதெல்லாம் எதுக்கும்மா" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி வேண்டாம். அது சுயதொழில் கணக்கு, மாணவர் விசாவுக்கு ஆகாது. வேறொருவர் அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம்.

எனக்கு அமைந்தது ரொட்டிக்கடை. ஊரில் ஏ2 என்கிற அடிப்படை நிலை வரை பிரெஞ்சு படித்திருந்தேன், கவுண்டரில் அது போதவில்லை. பகெத் என்கிற நீள ரொட்டி கேட்பவர் 'பா த்ரோ குயித்' என்றால் அதிகம் சிவக்காததை எடுக்க வேண்டும், 'பியேன் குயித்' என்றால் நன்றாக முறுகியதை. முதல் நாள் இது புரியாமல் ஒரு பாட்டிக்கு முறுகலைக் கொடுத்தேன். பேசாமல் திருப்பி நீட்டினார். எடுத்துக் கொடுத்ததும் 'எ அவெக் செசி?' என்று கேட்க வேண்டும். நம் மளிகைக்கடை அண்ணாச்சி "அப்புறம்?" என்பாரே, அதுதான். அது வாயில் சரளமாக வந்த பிறகு சனி, ஞாயிறு காலை ஷிஃப்ட் எனக்கென்றே ஆனது. ஆறரை முதல் ஒன்றரை வரை, இடைவேளை போக இரண்டு நாளும் சேர்ந்து 13 மணி. நாற்பது வாரத்துக்கு 520. அந்த 544-இல் மிச்சம் 24 மணியைக் கிறிஸ்துமஸ் வாரத்துக்கென்று நோட்டில் தனியாக எழுதி வைத்தேன். மரக்கட்டை மாதிரி உருட்டிய கேக் விற்கும் அந்த வாரம் முதலாளியம்மா கூடுதலாக வரச் சொல்லாமல் இருக்க மாட்டார்.