தம்பி வந்து சொன்னால் என்ன செய்வது? மலையக வீடுகளுக்கு

உங்கள் வீட்டுப் பையன் ஒருநாள் "எனக்குப் பொம்பளைப் பிள்ளைகள் மேல் மனசு போகல, பையன்கள் மேல்தான்" என்று சொன்னால் முதலில் குரலைத் தாழ்த்துங்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா காம்பரா, இந்தப் பக்கம் சித்தப்பா காம்பரா. நீங்கள் போடுகிற சத்தம் விடிவதற்குள், வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம் போய்ச் சேர்ந்துவிடும்.

என் தம்பி சொன்னது இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அந்தச் சத்தத்துக்காகவே அவன் காத்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு, "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான். நான் சொல்லவில்லை. யாரிடம் எப்போது சொல்வது என்பது அவன் முடிவு, நமக்கு எவ்வளவு பாரமாக இருந்தாலும்.

பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரிக்க வேண்டாம். இது நோய் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "ஒரு கல்யாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், கட்டிக்கொண்டு வரப்போகிற அந்தப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள், அவள் என்ன பாவம் செய்தாள்?

அப்புறம் சட்டம். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றமில்லை என்று 377 ஆம் பிரிவில் கொடுத்த தீர்ப்பை டிவியில் பார்த்துவிட்டு இங்கே இலங்கையிலும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். மாறவில்லை. வெள்ளைக்காரன் காலத்து 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்குகிற 365 ஆம் பிரிவுக்குப் பத்து வருடம் வரையும், 365அ பிரிவுக்கு இரண்டு வருடம் வரையும் சிறை இருக்கிறது. ஆண்களை மட்டும் சொன்ன 365அ, 1995 திருத்தத்துக்குப் பிறகு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இவற்றை மாற்ற ஒரு எம்பி கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் நம் நாட்டின் மேல் நீதிமன்றமான உயர் நீதிமன்றமே சொன்னது, ஆனாலும் அது பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ஆண் ஆணைக் கல்யாணம் முடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுகள் பேசுவது செயலைப் பற்றி. ஒருவன் இப்படிப்பட்டவனாக இருப்பதே குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. நடையைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து பொலிஸ் மிரட்டினால் இது உதவும். பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், அது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதி "இதுல ஒரு கையெழுத்து போடு" என்று நீட்டினால், வாசித்து விளங்காமல் போடவே கூடாது, நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு கையெழுத்தில்தான். அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற எண்ணில் பேசுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கிற நாட்கள் தவணையில் சேராது. அதனால் "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள்.

இன்னொரு தொல்லை, போனில் பழகிவிட்டுப் படத்தை வைத்துக் கப்பம் கேட்பவர்கள். ஒரு சதம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். பயத்தில் மெசேஜை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஆனால் நேரே பொலிஸுக்கு ஓடவும் வேண்டாம், 365 ஐக் காட்டிப் பிள்ளையையே குற்றவாளியாக்கப் பார்ப்பார்கள். முதலில் ஒரு சட்டத்தரணி. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நுவரெலியாவிலும் அலுவலகம் உண்டு.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவனோடு இருங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் எண், கூப்பிட்டுப் பேசலாம்.

எண்களைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், பொலிஸ் பிடித்தால் முதலில் பறிப்பது போனைத்தான். தம்பி இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்களையும் என் எண்ணையும் எழுதி, அவனுடைய அடையாள அட்டை உறைக்குள் மடித்து வைத்து அனுப்பியிருக்கிறேன்.