பட்டாளத்துக்குப் போனவரைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஐயா, அதாவது தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டாளத்துக்குப் போனவர். நாங்கள் சின்ன ஐயா என்போம். அவர் காலமாகி வெகுகாலம் கழித்து, கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தபோது ஒரு நட்சத்திர மெடல், நாலைந்து கிழிந்த கடித உறைகள், சட்டம் போட்ட ஒரு போட்டோ, இவ்வளவுதான் இருந்தன. இதை வைத்துக்கொண்டு அவர் எந்தப் படையில், எங்கே இருந்தார் என்று தேடப் போய் மூன்று வருடம் தவறான கதவுகளைத் தட்டியிருக்கிறேன். அப்போது யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நம் பக்கம் நல்ல நாள் வந்தால் பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாம் புளி போட்டுத் துலக்குவோம் இல்லையா, அதோடு சேர்த்து மெடலையும் துலக்கிவிடுவார்கள். அந்த நட்சத்திரத்தின் பின்பக்கத்தில்தான் முக்கியமான விஷயமே இருக்கிறது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களில் பெயர் கிடையாது, ஆனால் இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைச் சின்ன எழுத்துகளில் பொறித்துக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து மழுங்கிப் போகும். எங்கள் வீட்டு மெடலில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்தபோதுதான் நிழலில் தெரிந்தன. அதனால் எதையும் துலக்காதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள், பழைய காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் சூடாக ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். போட்டோவைச் சட்டத்திலிருந்து பதமாக எடுத்துப் பின்பக்கம் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையும் ஊரும் இருக்கலாம். தோள்பட்டையில் தெரியும் பித்தளை எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், படைப்பிரிவின் சுருக்கப் பெயர் அதில் இருக்கும். போர்முனையிலிருந்து வந்த உறைகளில் ஊர்ப் பெயர் இருக்காது, கள அஞ்சல் நிலையத்தின் எண் மட்டும் முத்திரையில் இருக்கும். எந்தத் தேதியில் அந்த எண் எங்கே இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியும். எங்கள் வீட்டில் யாரோ தபால்தலை சேர்க்கிற ஆசையில் இரண்டு உறைகளின் மூலையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள், அதோடு அந்த முத்திரையும் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த தவறு, பெயரை வைத்துத் தேடுவது. பட்டாளத்தின் பதிவேட்டுக்கு மனிதர் என்பவர் ஒரு எண், ஒரு படைப்பிரிவு, அதற்குப் பிறகுதான் பெயர். முத்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் கடைசியில் எச் போட்டிருக்கலாம், போடாமல் இருக்கலாம், நடுவில் இரண்டு ஒய் போட்டிருக்கலாம். நம் ஊரில் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு இனிஷியல் வைத்திருப்போம், அவ்வளவையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்ச் சேர்ந்த பையன்கள் பெயரையும் வயதையும் மாற்றிச் சொன்னதும் உண்டு. அதனால் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், இந்த மூன்றும் பொருந்தினால்தான் நம் ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், செட்டிநாட்டுக்காரர்கள் இடறி விழுவது இங்கேதான். செட்டிநாடு என்பது நாம் சொல்லும் பெயர், அது மாவட்டமும் இல்லை, தாலுகாவும் இல்லை. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் வந்தது. போர்க் காலத்தில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம், அதை ஆங்கிலப் பதிவுகளில் ராம்நாட் என்று எழுதியிருப்பார்கள். கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு, அரிமளம் பக்கத்துக்காரர் என்றால் அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகனே இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானத்து ஆள். அந்தச் சமஸ்தானம் 1948இல்தான் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. பத்து மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் பதிவேட்டில் வேறு வேறு ஆட்சிக்குள் கிடப்பார்கள். அப்புறம் இந்தத் திருப்பத்தூர். காரைக்குடி ஒரு காலத்தில் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது, நீங்கள் திருப்பத்தூர் என்று போட்டுத் தேடினால் வட ஆற்காட்டுத் திருப்பத்தூர் ஆட்கள் வரிசையாக வருவார்கள். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன பூமி. நான் ஒரு மாதம் முழுக்க அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சின்ன ஐயா என்று நம்பிக்கொண்டிருந்தேன், தகப்பனார் பெயரைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது.

இனி மிகப் பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். “ஐயா பர்மாவுல இருந்தாரு, சண்டையப் பாத்தவரு” என்று அப்பத்தா சொன்னால் அதற்குப் பட்டாளத்தில் இருந்தார் என்று மட்டும் அர்த்தம் இல்லை. நம் ஊரில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போகாத தெருவே கிடையாது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன நகரத்தார் இருந்தார்கள், அவர்கள் கடைகளில் உதவி ஆளான அடுத்தாளாக, எடுபிடியான பெட்டியடிப் பையனாக, சமையலுக்கு என்று கூடப் போனவர்கள் இருந்தார்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களும் போரைப் பார்த்தவர்கள்தான், ஆனால் ராணுவப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். மலாயாவிலிருந்து ஜப்பானியர் பிடித்துக்கொண்டுபோய் சயாம் – பர்மா ரயில் பாதை போட வைத்த தமிழர்கள் இன்னொரு கூட்டம். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது, செத்தவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை. அவர்கள் பெயரை எந்தப் போர்க் கல்லறைப் பட்டியலிலும் தேடிப் பயனில்லை.

நேதாஜி படையில், அதாவது ஐ.என்.ஏ. எனப்படும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் அது முற்றிலும் தனி வழி. மலாயாவில் தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்து நேராக ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவருக்கு இந்திய ராணுவ எண்ணே கிடையாது. அவருக்காக ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் இல்லை என்றுதான் பதில் வரும். அவரைத் தேட வேண்டிய இடம் தில்லி தேசிய ஆவணக் காப்பகம். அவர்களுடைய அபிலேக் படல் இணையதளத்தில் ஐ.என்.ஏ. சம்பந்தமான கோப்புகளைத் தேடிப் பார்க்கலாம். தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் காகிதங்களிலும் விவரம் இருக்கும், மத்திய அரசின் அந்தத் திட்டம் 1972இல் தொடங்கியது. ஆனால் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய் பிறகு ஐ.என்.ஏ.வுக்குப் போனார் என்றால் அவருக்கு இரண்டு பக்கமும் தடம் இருக்கும். போர் முடிந்து திரும்பியவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள், கறுப்பு என்றால் வேலை நீக்கம். பழைய காகிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துக் குடும்பத்துக்கு இழுக்கு என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க அதில் ஒன்றுமே இல்லை.

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், பெரும்பாலோர் முதலில் அங்கேதான் போகிறார்கள். போகலாம், ஆனால் அது இறந்தவர்களின் பட்டியல் என்பது நினைவில் இருக்கட்டும். உயிரோடு ஊர் திரும்பி 1970இல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அதில் எப்படி இருப்பார்? போரில் இறந்தவர்தான் என்றாலும், பெயர் இருக்கும் இடத்தை இறந்த இடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாங்கோனுக்கு வடக்கே டவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் இருக்கின்றன, அவர்களுக்கெல்லாம் தனிக் கல்லறை இல்லை. டில்லி/கராச்சி நினைவுச் சின்னம் என்று போட்டிருந்தால் அவர் கராச்சியில் இறந்தார் என்று பொருள் இல்லை. சண்டை நடக்காத பகுதிகளில் இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களை மொத்தமாக அந்த நினைவுச் சின்னங்களில் சேர்த்திருக்கிறார்கள். இம்பாலில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 868 பேருக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது, அங்கே போய்க் கல்லறை தேடக்கூடாது.

மெடலை வைத்துக் கதை கட்டுவதும் தவறு. பர்மா நட்சத்திரம் இருந்தால் பர்மாவுக்குள் போய்ச் சண்டை போட்டார் என்று நினைத்துவிடுகிறோம். 1942 மே மாதத்திலிருந்து வங்காளம், அசாமின் சில பகுதிகளில் இருந்தவர்களுக்கும் அது உண்டு. இந்தியப் பணி மெடல் என்றால் சண்டை இல்லாத பகுதியில், இந்தியாவில் மூன்று வருடமாவது இருந்தார் என்று அர்த்தம். போர் மெடல் எங்கே இருந்தாலும் 28 நாள் பணி செய்தவருக்குக் கிடைத்தது.

லண்டனுக்கு எழுதுவதும் வீண் அலைச்சல். வெள்ளைக்காரன் ராணுவம்தானே, அவன்தானே வைத்திருப்பான் என்று நானும் எழுதினேன். சாதாரண இந்தியச் சிப்பாயின் தனிக் கோப்பு அங்கே இல்லை. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, அதிகாரிகளைப் பற்றிய காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நாட்குறிப்பில் நம் ஆளின் பெயர் வருவது அபூர்வம். அவர் எந்தப் பிரிவு என்று தெரிந்த பிறகு, அந்தப் பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

தனி ஆளின் பதிவு இந்தியாவிலேயேதான் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில் இல்லை, படைக்கு ஒரு பதிவு அலுவலகம். காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூர், ரோடு போடுவது போன்ற வேலைகளுக்கான பயனியர் கோர் என்றாலும் பெங்களூர், தளவாடம் வழங்கும் ஆர்ட்னன்ஸும் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.யும் செகந்திராபாத், தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, மருத்துவப் படை லக்னோ. தமிழர் என்றாலே மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று முடிவு கட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த ரெஜிமெண்டை 1920களில் கலைத்துவிட்டுப் போர் வந்த பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். நம் ஆட்கள் லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், ரோடு போட்டார்கள், சமைத்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் தவறான படைக்குப் போய், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. அதைப் பார்த்து அவர் பட்டாளத்திலேயே இல்லை என்று ஒரு சித்தப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஒரு படையில் இல்லை என்றால் அந்தப் படையில் இல்லை, அவ்வளவுதான் பொருள்.

விண்ணப்பத்தில் “என் தாத்தாவைப் பற்றி எல்லா விவரமும் தரவும்” என்று எழுதாதீர்கள். போருக்காகச் சேர்ந்து 1945, 46, 47இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாதவர்களின் பணி ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அப்படியானால் 1970களின் தொடக்கத்திலேயே அந்தக் கோப்பு போயிருக்கும். மிச்சம் இருப்பது லாங் ரோல் எனப்படும் நிரந்தரப் பதிவேடு, அதில் ஒருவருக்கு ஒரு வரி. அந்த வரியின் நகலைத்தான் கேட்க வேண்டும். எண், பெயர், தகப்பனார் பெயர், அந்தக் காலத்து மாவட்டம், தெரிந்தால் சேர்ந்த வருடம் போட்டு, இறப்புச் சான்றும் வாரிசு என்பதற்கான சான்றும் சேர்த்து அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 10 ரூபாய் கட்டணம். 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்களை ஒருசில விலக்குகள் தவிரக் கொடுத்தாக வேண்டும் என்று அதன் 8(3) பிரிவு சொல்கிறது, அதை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். அதற்கு முன்னால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துவந்தது, விண்ணப்பித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தக நகல் அந்தக் கோப்பில் இருக்கலாம். சிவகங்கைக்காரர்கள் 1985க்கு முந்தைய காகிதத்துக்கு ராமநாதபுரத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வயதானவர்களிடம் கேட்கும்போது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். “பர்மாவுக்குத்தானே போனாரு?” என்றால் “ஆமா” என்றுதான் வரும். மணியார்டர் எங்கேயிருந்து வந்தது, லீவில் எந்தத் திருவிழாவுக்கு வந்தார், வந்தபோது என்ன கொண்டுவந்தார், தூக்கத்தில் என்ன உளறுவார் என்று கேளுங்கள். “பாறைக்கு வெடி வெச்சு ரோடு போட்டோம்னு சொல்லுவாக” என்று சின்ன ஐயாவின் மனைவி எப்போதோ சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை, எங்களுக்குத் துப்பாக்கிக் கதைதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் வந்தது ஒரே ஒரு தாள். பயனியர் கோர், எண், சேர்ந்த தேதி, 1946இல் விடுவிக்கப்பட்ட தேதி, ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை, தகப்பனார் பெயர் மட்டும் மிகச் சரியாக. அவருடைய மகளிடம், எங்கள் அத்தையிடம், அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சேர்ந்த தேதியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அத்தை பிறப்பதற்கு நாற்பது நாள் முந்தைய தேதி அது.