ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கடைத் தயிரில் நம் ருசியைக் கொண்டுவருவது எப்படி?

முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை வீடு என்று முதல் வாரம் முழுக்க அலைந்துவிட்டு வரும்போது வயிறு கேட்பது ஒரு கிண்ணம் தயிர் சாதம்தான். கடைகளில் தயிருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சோற்றில் போட்டுப் பிசைந்தால் சப்பென்று இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. அந்தத் தயிரில் கெடுதல் ஒன்றுமில்லை, புளிப்புதான் குறைவு. அதை ஏற்றிவிட்டால் உப்பும் தாளிப்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் டப்பாவைப் படியுங்கள். ‘நாத்தூர்’ என்று எழுதியிருந்தால் பழமும் சர்க்கரையும் சேர்க்காத தயிர். படிக்காமல் எடுத்து, வனிலா தயிரைச் சோற்றில் கலந்து ஒரு பானைச் சோற்றை நான் கொட்டியிருக்கிறேன். அடுத்து ‘மில்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான தயிரில் புளிப்பைத் தருவது பல்கேரிக்குஸ் என்ற பாக்டீரியா. மில்ட் வகையில் அதற்குப் பதிலாக அசிடோஃபிலஸ் போன்ற வேறொன்றைச் சேர்ப்பதால் புளிப்பு மிதமாகவே நின்றுவிடும். காலையில் பழத்தோடும் தானியத்தோடும் சாப்பிடுகிற இந்த ஊர்க்காரர்களுக்கு அது தோது. நமக்கு மில்ட் இல்லாததே நல்லது. கொழுப்பு 3.5 சதவீதம் உள்ளதை எடுங்கள், 1.5 உள்ளது நீர்மோருக்குத்தான் ஆகும்.

பக்கத்தில் துருக்கிக் கடை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே தயிர் வாளியிலேயே கிடைக்கும். ‘சூஸ்மே’ என்பது நீர் வடித்த கெட்டித் தயிர், பெரும்பாலும் 10 சதவீதக் கொழுப்பு. மோர்க்குழம்புக்கு அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கொழுப்பு குறைந்த தயிர் சூட்டில் சட்டென்று திரிந்துவிடும். எதுவானாலும் ஒரு கரண்டி அரிசி மாவோ கடலை மாவோ சேர்த்துக் கடைந்து, சின்னத் தீயில் வைத்து, நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள்.

சரி, புளிப்புக்கு என்ன செய்வது? தயிருக்குப் பக்கத்திலேயே ‘புட்டர்மில்ஷ்’ இருக்கும். பெயருக்கு மோர்தான், ஆனால் நம் மோரைவிடக் கெட்டி, நல்ல புளிப்பு. இரண்டு பங்கு தயிருக்கு ஒரு பங்கு அதைக் கலந்தால் ஊரில் மதியம் வரை வெளியே இருந்த தயிரின் ருசி வந்துவிடுகிறது. நீர்மோருக்கு அதிலேயே தண்ணீர் விட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்தால் போதும்.

தயிர் சாதத்துக்கு பாஸ்மதி வேண்டாம், அது குழையாது. பாயசம் மாதிரி ஒரு இனிப்புக்காக இங்கே விற்கும் ‘மில்ஷ்ரைஸ்’ என்ற உருண்டை அரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவையுங்கள். சூடாக இருக்கும்போதே பால் விட்டு மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தயிரைச் சேருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டி, மாதுளை முத்தோ திராட்சையோ தூவி, ஒரு மோர்மிளகாயைப் பொரித்துப் பக்கத்தில் வைத்தால் அன்றைய அலைச்சல் எல்லாம் மறந்துபோகும்.

தாளிக்கும்போது மட்டும் கவனம். இங்கே கண்ணாடி அடுப்பை அணைத்த பிறகும் அதன் சூடு நீடிக்கும், சட்டியை அதன்மேலேயே விட்டால் கடுகு கருகிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியத் தாளிப்புக் கரண்டி சூடாகாது. அடி தட்டையான சின்ன இரும்புச் சட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாய் போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறினால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார்.

பச்சடிக்கு இந்த ஊர் ஒரு வரம். வெந்து தோலுரித்த பீட்ரூட் காற்றில்லாப் பையில் அடைத்துக் கிடைக்கும். துருவி, உப்பும் தயிரும் சேர்த்துத் தாளித்தால் பத்து நிமிடத்தில் பச்சடி. சின்னச் சிவப்பு முள்ளங்கியும் நீள வெள்ளரிக்காயும் எப்போதும் உண்டு. அவற்றை உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டுத்தான் தயிரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சடி நீர்த்துவிடும்.

எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் என்ற பனை வகையின் பாகு) ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த இலங்கைத் தமிழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரைன் பகுதிக்காரர்கள் ரொட்டியில் தடவும் சர்க்கரை பீட்ரூட் பாகு ‘சுக்கர்ரூபன்சிரூப்’ என்ற பெயரில் கிடைக்கும். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். கித்துளின் வாசம் அதில் இல்லைதான். ஆனாலும் 10 சதவீதத் தயிரின் மேல் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள், வெல்லத்தின் சாயல் நாக்கில் நிற்கும்.

வீட்டில் உறை ஊற்ற விரும்பினால் மில்ட் அல்லாத தயிரில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் 20 டிகிரி அறையில் பால் உறையவே உறையாது. காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். ஆறேழு மணி நேரத்தில் கெட்டியாக உறைந்திருக்கும், இன்னும் இரண்டு மணி நேரம் விட்டால் புளிப்பும் ஏறும். கண்ணாடி ஜாடித் தயிர் வாங்கினால் ஜாடியைத் திருப்பிக் கொடுத்து 15 சென்ட் வாங்கலாம், ஆனால் உறை ஊற்ற அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. நான் இரண்டை வைத்துக்கொண்டேன்.

கறிவேப்பிலை தமிழ்க் கடையில் கிடைக்கும்போது கூடவே ஒரு கட்டு வாங்கி, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். பாலையும் தயிரையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்.