கொரிய மாணவருக்கு ‘டுவிண்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்கும் முறை

கொரிய மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கியிருப்போருக்கு இச்செய்முறை உதவும். ‘தனொஜாங்’ எனப்படும் சொற்குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு கொரியச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்வது அம்மாணவர்களின் பழக்கம். 70 நிமிடங்களில் 45 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய சுநுங் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு அது ஓரளவு கைகொடுக்கலாம். பேசவும் எழுதவும் போதாது. சிறிது சிறிதாகக் குறைந்து சொற்பமாகிவிடுவதைக் குறிக்கும் ‘டுவிண்டில்’ இதற்கு நல்ல சான்று.

முதலில் உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள். மாணவர் இதைக் கொரிய எழுத்தில் ‘து-வின்-துல்’ என மூன்று அசைகளாக எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தில் இரண்டே அசைகள். பின்புறத்தைக் குறிக்கும் ‘த்வி’ என்ற கொரியச் சொல் அவர் வாயில் ஒரே அசையாக வரும் என்பதால், அதைச் சொல்லச் செய்து, இறுதியில் ‘ன்’ சேர்த்து, பின்னர் ‘டில்’ என்று முடிக்கச் சொல்லுங்கள். கொரியத்தில் சொல்லின் முதலில் வரும் ‘த்’ போன்ற மெய் வன்மையாகவும், உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும் ஒலிக்கும் (தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்). ‘டுவிண்டில்’ சொல்லின் முதலில் வேண்டியது அந்த மென்மையான ஒலிதான். ஆகவே, ‘ஸ்லோலி டுவிண்டில்’ என உயிரொலியில் முடியும் சொல்லை முன்னே வைத்துப் பழக்கினால் ஒலி தானாகவே படிந்துவிடும்.

அடுத்தது பொருள். குறிப்பேட்டில் இதற்கு எதிரே பெரும்பாலும் ‘ஜுரொதுல்தா’ என்றிருக்கும். துவைத்த கம்பளிச் சட்டை சுருங்குவதற்கும் கொரியர்கள் அச்சொல்லையே ஆள்வதால், சட்டை ‘டுவிண்டில்’ ஆனது என்று மாணவர் எழுதக்கூடும். கையிருப்பு, நிதி, எண்ணிக்கை, நம்பிக்கை போன்றவை கரைந்து கொஞ்சமே எஞ்சும்போதுதான் இது பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுகளுடன் காட்டுங்கள். 2023இல் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 0.72 ஆகச் சரிந்த தென் கொரியாவில் அவற்றுக்குப் பஞ்சமில்லை: ‘ஸ்டூடன்ட் நம்பர்ஸ் ஹேவ் டுவிண்டில்ட் டு டுவெல்வ்’ என்று ஒரு கிராமப் பள்ளியைப் பற்றி எழுதச் சொல்லலாம்.

அந்த வாக்கியத்திலேயே இலக்கணத்தையும் முடித்துவிடலாம். ‘குறைகிறது’ என்பதற்குக் கொரியத்தில் ‘கம்சோஹாதா’, ‘கம்சோத்வேதா’ என இரு வடிவங்களும் வழங்குவதால், இரண்டாவதன் சாயலில் ‘வாஸ் டுவிண்டில்ட்’ என்று செயப்பாட்டு வினையாக எழுதும் மாணவர்கள் உண்டு. ‘வாஸ்’ வேண்டாம் என்று அடித்துத் திருத்துவதைவிட, எவ்வளவாகக் குறைந்தது என்பதை ‘டு’ சேர்த்துச் சொல்லவைப்பதே என் அனுபவத்தில் விரைவாகப் பலன் தருகிறது.

கடைசியாக, வறட்சியில் அணை நீர், கம்பளிச் சட்டை, பயணத்தின் முடிவில் கைப்பணம், மாலை வெப்பநிலை ஆகிய நான்கையும் கொடுத்து, இச்சொல் எவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும் என்று கேளுங்கள். நீரையும் பணத்தையும் தேர்ந்தெடுத்துக் காரணமும் சொன்னால், அடுத்த சொல்லுக்குப் போகலாம்.